பள்ளிவாசலில் ஒரே வரிசை, பந்தியில் ஏன் பல வரிசை?
மார்க்கம், குலப்பெருமை, அரசியல்: வில்லியனூர், பாகூர் பகுதியை முன்வைத்து

(வில்லியனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பை நான் கேட்டுப் பெற்றேன். சமய நல்லிணக்கம் பற்றிப் பேசினால் எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்லிணக்கம் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்குள்ளே பெண் எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் நிர்வாகக் குழுவுக்கு ஆள் போடும்போதும் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றிப் பொது மேடையில் பேசுவோர் குறைவு. "வீட்டில் என்ன பேசுவீர்கள், தமிழா உருதுவா?" "மரைக்காயரா, ராவுத்தரா, லெப்பையா?" "எத்தனை தலைமுறையாக இஸ்லாத்தில்?" கடைசிக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. கேட்காமலே பதில் தெரிந்துகொள்ள வழிகள் இருக்கின்றன.

என் கருத்து ஒன்றுதான். முஸ்லிம் சமூகத்துக்குள் இருக்கும் குலப்பெருமையை மார்க்கம் பெற்றெடுக்கவில்லை. ஆனால் மார்க்கத்தின் பெயரால் அதற்கு இடம் கொடுத்தவர்கள் உண்டு. அதை இறுகச் செய்தது அரசியல். நாற்காலியோ நிலமோ வேலையோ பங்கு பிரிக்கப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் "நீ யார் வழி வந்தவன்?" என்ற கேள்வி கூர்மையடைந்திருக்கிறது. இதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன். அவற்றுள் சில நீளும், சில சுருங்கும்.

1. நாம் உட்கார்ந்திருக்கும் மண்

இந்த ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிப் பாடப் புத்தகத்தில் அது பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சாமர்த்தியமாக வரும். முஸ்லிம் சமூகத்தின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

ஆர்க்காட்டு நவாபுப் பதவியை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வைத்திருந்தவர்கள் நவாயத்துகள். தங்கள் முன்னோர் அரபு மண்ணிலிருந்து மேற்குக் கரைக்கு வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட குடும்பங்கள். 1740இல் மராட்டியரோடு நடந்த போரில் நவாபு தோஸ்த் அலி கான் மாண்டபோது அவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் புதுச்சேரிக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். ஆளுநர் டூமா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். தோஸ்த் அலியின் மருமகன்தான் சந்தா சாகிபு. பிறகு நவாபுப் பதவி அன்வருத்தீன் கானுக்குப் போயிற்று. அவருடைய வமிசம் இரண்டாம் கலீஃபா உமரின் வழி வந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொண்டது. ஆக, இரண்டு அரபு வமிசாவளிகள், ஒரு நாற்காலி.

1749 ஆகஸ்டில், அந்த நாற்காலிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு தரப்போடு நடந்த ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்குச் சந்தா சாகிபு கொடுத்த நன்றிக்கடனில் வில்லியனூரைச் சுற்றிய ஊர்கள் இருந்தன. அந்த ஆண்டுகளிலேயே பாகூரும் அவர்கள் கைக்குப் போயிற்று. 1752இல் பாகூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் மோதின. ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் அன்வருத்தீனின் மகன் முகமது அலி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டிருந்தது.

இதில் எந்தப் பக்கத்திலும் மார்க்கப் பிரச்சினை கிடையாது. இரு தரப்பும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள்தாம். வமிசப் பெருமை பதவிச் சண்டைக்குக் கொடியாகப் பயன்பட்டது. விலையாகப் போனவை இந்த நெல்வயல்களும் ஏரிகளும். பாகூர் ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்களில் எந்தச் சமயத்தவர் எத்தனை பேர் என்பதும் அந்தப் போர்க்கணக்கில் வராது.

2. நூல்கள் சொல்வது

"இஸ்லாத்தில் சாதி இல்லை, விஷயம் முடிந்தது" என்று இந்த இடத்தில் எழுந்திருக்க விரும்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். குர்ஆனின் 49ஆம் அத்தியாயமும் நபிகள் நாயகத்தின் இறுதிப் பேருரையும் இறையச்சத்தைத் தவிர வேறு உயர்வு இல்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுத்துகின்றன. அடிமையாக இருந்த அபிசீனியர் பிலால் தொழுகைக்கு அழைத்தார். பாரசீகர் ஸல்மானை நபியவர்கள் தம் வீட்டாரில் ஒருவராகச் சொன்னார்கள். உயர்குலத்து ஸைனபை விடுதலை பெற்ற அடிமை ஸைதுக்கு மணமுடித்து வைத்ததும் அவர்களே. இவை எனக்கு வரலாற்றுச் செய்திகள் மட்டுமல்ல, நம்பிக்கையும்கூட.

ஆனால் சட்ட நூல்களைத் திறந்தால் 'கஃபாஆ' என்ற பிரிவு வரும். மணமகன் மணமகளுக்கு நிகரானவனா என்று பார்ப்பது அது. இமாம் மாலிக், மார்க்கப் பற்று ஒன்றே அளவு என்றார். ஹனஃபி நூல்கள் குலத்தையும் தொழிலையும் சேர்த்துக்கொண்டன. ஷாஃபிஈ நூல்களிலும் குலம் உண்டு. நம் பக்கத்து ராவுத்தர்களும் உருது பேசும் குடும்பங்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். கடற்கரை மரைக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். 12ஆம் நூற்றாண்டில் மர்கீனானி எழுதிய 'ஹிதாயா' அரபியல்லாதவர்களுக்கென ஒரு விதி சொல்கிறது. தானே இஸ்லாத்துக்கு வந்தவன், தந்தையும் முஸ்லிமாக இருந்தவனுக்கு நிகராகான். தந்தை மட்டும் முஸ்லிமாக இருந்தவன், பாட்டனும் முஸ்லிமாக இருந்தவனுக்கு நிகராகான். எத்தனை தலைமுறை என்ற அந்தக் கேள்விக்கு நூல் ஆதரவு இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பெண்ணின் பொறுப்பாளரான 'வலி' ஆட்சேபிக்க விரும்பினால் அதற்கு இடமளிக்கும் ஏற்பாடாகவே பெரும்பாலான அறிஞர்கள் கஃபாஆவைக் கொண்டார்கள்; பெண்ணும் வலியும் சம்மதித்தால் தடையில்லை. இரண்டு, 'ஹிதாயா' 1791இல் ஆங்கிலத்துக்குப் போய், பிரிட்டிஷ் நீதிமன்றங்களின் கைப்புத்தகமாயிற்று. கூஃபாவிலும் சமர்கந்திலும் அக்காலச் சமூகத்தைப் பார்த்து அறிஞர்கள் எழுதிய கருத்து, காலனி நீதிபதியின் மேசையில் மாறாத சட்டமாக உட்கார்ந்தது. மாலிக்கின் கருத்தும் அதே பாரம்பரியத்தில் இருந்தது. அதைத் தேடி எடுப்பார் இல்லை. இன்றும் மதரஸாவில் ஓதிய ஹஜ்ரத்துக்கு இரண்டு கருத்தும் தெரியும். எதை மிம்பரில் சொல்கிறார் என்பது அவருடைய தேர்வு. அந்தத் தேர்வுக்கு அவரையும், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நம்மையும் பொறுப்பாக்குகிறேன்.

3. பிரெஞ்சு ஆட்சியின் பட்டியல்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணையின்படி, இந்தியர்கள் அவரவர் வழக்கப்படியும் சாதிச் சட்டப்படியும் நீதி பெறுவார்கள் என்று பிரெஞ்சு அரசு வாக்களித்தது. முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம். 1880இல் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகள் வந்தன. வில்லியனூரும் பாகூரும் அந்த ஏற்பாட்டின் பிள்ளைகள். 1881இல் வந்த ஆணை, சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். 1899வரை அது நீடித்தது.

குடியரசுச் சமத்துவம் பேசிய நாடுதான் இந்த மண்ணில் ஓட்டுக்குப் பட்டியல் போட்டது. துறக்காதவர்களின் பட்டியலைச் சாதி இந்துத் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் தம் பிடியில் வைத்திருந்தார். வழக்கத்தைக் காப்பதே அரசியலாயிற்று. வழக்கத்தைக் காப்பவன் தன் பிறப்பைச் சொல்லாமல் அதைக் காக்க முடியாது. முஸ்லிம் தனிச்சட்டம் பற்றிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் 1968இல் இங்கே நீட்டிக்கப்பட்டபோதும் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழியினருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்தப் பட்டியலின் தழும்பு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

4. பாக்கு நீரிணைக்கு அப்பால்

நான் அதிகம் பேச விரும்பும் பகுதி இது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் இனக் கேள்வியில் சிக்கிப் பட்ட பாட்டை இலங்கை போல வேறெந்த மண்ணும் காட்டாது.

1880களில் இலங்கைச் சட்டசபையில் தமிழ் பேசுவோருக்கு ஒரே பிரதிநிதி, பொன்னம்பலம் இராமநாதன். சோனகர் எனப்படும் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்குத் தனி இடம் தர அரசு யோசித்துக்கொண்டிருந்தது. 1888இல் இராமநாதன் அரச ஆசியவியல் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை படித்தார். சோனகர்கள் மொழியாலும் வழக்கத்தாலும் தோற்றத்தாலும் தமிழர்களே. பெரும்பாலோர் காயல்பட்டினம் வழியாக வந்து சமயம் மாறியவர்கள் என்பது அதன் சாரம். மறு ஆண்டே தனி இடம் வந்தது, எம். சி. அப்துல் ரகுமான் அதில் அமர்ந்தார். கட்டுரைக்கு மறுப்பு 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூலாக வந்தது. எங்கள் மூதாதையர் அரபுகள், பேசும் மொழி இனத்துக்குச் சான்றாகாது என்றார் அவர்.

இரண்டு பேரும் கற்றவர்கள். இரண்டு பேர் வாதத்திலும் பாதி உண்மை உண்டு. அரபு வணிகர்களும் வந்தார்கள், தமிழ்க் குடும்பங்களும் இஸ்லாத்தை ஏற்றன. ஆனால் விவாதம் நடந்தது சட்டசபை நாற்காலியின் நிழலில். தமிழர் என்று சொன்னால் நாற்காலி போய்விடும். அரபு என்று சொன்னால் நிலைக்கும். இராமநாதனுக்குக் கணக்கு நேர்மாறு. மார்க்கத்தின் சமத்துவ வாசகங்களை இந்தச் சண்டையில் எவரும் பெரிதாக எடுக்கவில்லை.

அஸீஸ் இன்னொன்றும் செய்தார். இலங்கைச் சோனகர் வேறு, நம் கரையிலிருந்து வணிகத்துக்குப் போன கரையோரச் சோனகர் வேறு என்று பிரித்தார். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அந்தப் பிரிவை எழுத்தில் ஏற்றது. நாகூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன சிறு வியாபாரிகள், தம் சொந்த மார்க்கத்தார் கண்ணிலேயே ஒரு படி கீழே நின்றார்கள். 1915 மே மாத இறுதியில் கண்டியில் கலவரம் மூண்டது. முதற் சினம் கரையோரச் சோனகர் மீது. பின்பு பல மாகாணங்களில் சோனகர் கடைகளும் பள்ளிவாசல்களும் கொளுத்தப்பட்டன. கலவரக்காரர்கள் யாருடைய வமிசாவளியையும் விசாரிக்கவில்லை. இராமநாதன் கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். முஸ்லிம்கள் அதை மறக்கவில்லை.

அரபு வழி என்று பெருமை பேசினால் நாளை ஒருவன் "அப்படியானால் அரபு நாட்டுக்கே போ" என்பான். இலங்கையில் அதுவும் நடந்தது. 2014 ஜூனில் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் திகனையிலும் கடைகள் எரிந்தபோது, முஸ்லிம்கள் வந்தேறிகள் என்ற பேச்சு நெடுநாளாகப் பரப்பப்பட்டிருந்தது. அந்தப் பேச்சுக்கு முழுப் பொறுப்பும் அதைப் பரப்பியவர்களுடையது. அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆயினும் நம் திண்ணைகளில் நடக்கும் வமிசாவளிப் பேச்சு, நம்மை அந்நியர் என்று சொல்ல வருகிறவனுக்கு விறகு எடுத்துக் கொடுக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன். "நாம் எல்லாரும் தமிழர்" என்று சொன்ன இயக்கம்தான் 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரக் கெடு கொடுத்து வெளியேற்றியது. வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அந்த ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். அவர்கள் வீட்டிலும் சந்தையிலும் கனவிலும் பேசியது தமிழ். மொழி ஒன்றானால் இனம் ஒன்று என்ற வாதம், மார்க்கம் வேறான அண்டை வீட்டாரைக் காப்பாற்றவில்லை. தமிழ் முஸ்லிம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் என் போன்றோர் இந்தச் சம்பவத்தைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்ல வேண்டும். உருது பேசும் குடும்பத்தை "இந்த மண்ணோடு ஒட்டாதவர்கள்" என்று நம் ஆட்கள் சொல்லும்போது, அந்த வாதத்தின் கடைசிப் பக்கம் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

5. இன்று, நம் ஊரில்

புதுச்சேரியில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. காரைக்காலிலும் மாகேயிலும் விகிதம் கூடுதல். நம் கிராமப்புறக் கொம்யூன்களில் அங்கொரு தெரு, இங்கொரு பேட்டை. ஃபாரூக் மரைக்காயரை 1967 முதல் வெவ்வேறு காலங்களில் மூன்று முறை முதலமைச்சராக இந்தப் பிரதேசம் ஏற்றது. முதல்முறை அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. இந்துவும் கிறிஸ்தவரும் போட்ட ஓட்டில் அது நடந்தது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஊர் அவரை மரைக்காயர் என்று பெயரோடு சேர்த்து அழைத்தது, பகையோடு அழைக்கவில்லை. அவ்வளவு தூரம் வந்த ஊர் இது.

இடஒதுக்கீட்டுப் பட்டியலுக்கு வருகிறேன். தமிழ்நாடு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொடுத்தது. பட்டியலில் அன்சார், தக்கனி, தூதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், சையத், ராவுத்தர் மரைக்காயர் அடங்கிய லெப்பை என ஏழு பிரிவுகள். லெப்பை என்ற வரியில் அரசு ஒரு வாசகத்தைச் சேர்த்திருக்கிறது: பேசும் மொழி தமிழாயினும் உருதுவாயினும். எனக்கு மிகப் பிடித்த அரசு வாசகம் அது. புதுச்சேரியில் நமக்கு 2 விழுக்காடு. இந்த ஒதுக்கீட்டை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பங்கு கொடுக்கும் அரசு பிறப்பைக் கேட்கத்தான் செய்யும். பின்தங்கியவருக்குக் கொடுக்க வேறு வழி இல்லை. ஆனால் தாலுகா அலுவலகத்தில் சான்றிதழுக்காக எழுதிக் கொடுத்த பிரிவுப் பெயரை வீட்டுக்குக் கொண்டுவந்து சம்பந்தம் பேசுமிடத்தில் வைப்பது நம் செயல்.

இந்த ஏழில் எதிலும் சேராதவர்கள் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் முஸ்லிமும் தலித் கிறிஸ்தவரும் இன்றுவரை வெளியே. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தை ஏற்றன. அன்று எழுந்த கூச்சல் எல்லாம் அவர்களுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைப் பற்றி. தேநீர்க் கடையில் அவர்கள் எந்தக் குவளையில் குடித்தார்கள் என்று கேட்டவர் கொஞ்சம். இஸ்லாத்துக்கு வந்தவர்களைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிமாகக் கருத முடியாது என்ற நிலை வழக்குகளில் நீடித்து, 2024 மார்ச்சில்தான் தமிழ்நாட்டு அரசு ஆணை வழிவிட்டது. அரசு இவ்வளவு காலம் எடுத்தது அநியாயம். நாம் எவ்வளவு காலம் எடுக்கப்போகிறோம்?

இந்தப் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றின் நிக்காஹ் தப்தரைப் புரட்டிப் பார்க்க முத்தவல்லி அனுமதித்தார். நீளமான பேரேடு, சிவப்புத் துணி முதுகு, ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. ஹிஜ்ரி தேதி, ஆங்கிலத் தேதி, மணமகன், அவன் தந்தை, ஊர். மணமகள், வலி, சாட்சிகள் இருவர், மஹர். பழைய பக்கங்களில் மஹர் ரூபாயில். பிறகு கிராம் தங்கத்தில். பெருவிரல் ரேகைகள் மெல்ல மெல்லக் கையெழுத்தாகின்றன. பெண்களின் கையெழுத்து சற்றுத் தாமதித்து வருகிறது. குலத்துக்கு அதில் பத்தி கிடையாது. மொழிக்கும் கிடையாது.

குலம் நுழையும் இடம் வேறு. மணமகன் வெளியூர் என்றால் அவன் ஜமாஅத்திலிருந்து கடிதம் வர வேண்டும். முன்பே மணமானவனா, ஒழுங்கானவனா என்று அறிய அது அவசியம், பெண்ணுக்குப் பாதுகாப்பு. ஆனால் புதிதாக மார்க்கத்துக்கு வந்தவனுக்கு எந்த ஜமாஅத் கடிதம் கொடுக்கும்? சந்தா கட்டினால்தான் உறுப்பினர். உறுப்பினர் ஆக இருவர் முன்மொழிய வேண்டும். முன்மொழிய வேண்டியவர்கள் "பார்க்கலாம்" என்பார்கள். அந்தப் "பார்க்கலாம்" ஆண்டுக்கணக்கில் நீளும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் தோளோடு தோள் ஒட்டி நின்றவர்தான் அப்படிச் சொல்கிறார்.

ஆகவே இங்கே இருக்கும் ஜமாஅத் பெரியவர்களிடம் நேராகவே கேட்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்கள் வையுங்கள். மஹல்லாவில் குடியிருந்து தொழும் எவருக்கும் முன்மொழிவு இல்லாமல் உறுப்பினர் உரிமை; விண்ணப்பித்தவருக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில், மறுத்தால் காரணத்தோடு. புதிதாக வந்தவருக்கு, அவர் கலிமா சொன்ன ஊர் எதுவானாலும், குடியிருக்கும் ஊர் ஜமாஅத்தே நிக்காஹ் கடிதம் கொடுக்கும். நிர்வாகக் குழுவில் அடுத்தடுத்த இரு தவணைகளுக்கு ஒரே குடும்பத்தார் பொறுப்பில் இருக்கக் கூடாது. மூன்றாவதற்கு எதிர்ப்பு அதிகம் வரும் என்று தெரியும். எதிர்க்கிறவர்களின் பெயர்களை வாசித்துப் பார்த்தால், நான் இவ்வளவு நேரம் சொன்னது உங்களுக்கு எளிதாகப் புரியும்.

உருதுவிலும் தமிழிலும் தீர்மானங்களை எழுதி, தொழுகை முடிந்து செருப்பு மாட்டும் இடத்துப் பலகையில் ஒட்டுங்கள். பெண்கள் படிக்கும்படி மதரஸா வாசலிலும் ஒரு நகல் ஒட்டுங்கள். வரன் பார்க்கும் வீடுகளில் முதல் விசாரிப்பு நடப்பது அவர்களிடம்தான்.